மருந்தும் குழலும் புள்ளலூர் வண்டிகளும்

புள்ளலூர் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு வெடியில் வந்து நிற்பார்கள். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி காலை, கர்னல் வில்லியம் பெய்லியின் படைக்கு நடுவே நின்றிருந்த வெடிமருந்து வண்டிகள் பற்றிக்கொண்டு சிதறின. அதோடு ஆட்டம் முடிந்தது. பற்றவைத்தது யார் என்பதில்தான் இன்றுவரை சண்டை. மைசூர்க்காரர்களின் பாணம் என்பார்கள் ஒரு சாரார். ஹைதர் அலியிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர்களின் பீரங்கிக் குண்டு என்பார்கள் இன்னொரு சாரார். பரபரப்பில் நடந்த விபத்து என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. எனக்கு இந்த வழக்கில் தீர்ப்பு சொல்லும் ஆசை இல்லை. நான் யோசிப்பது வேறு. அந்தக் காலையில் அந்த வயல்வெளியில் ஒரே கருப்புத் தூள் நாலு விதமான கூட்டுக்குள் இருந்தது: சிப்பாயின் துப்பாக்கிக் குழல், பீரங்கி, மைசூர் பாணத்தின் இரும்புக் குழாய், வண்டியில் ஏற்றிய பெட்டி. தூள் ஒன்றுதான். அது என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு இடத்திலும் முடிவு செய்தது கூடு.

ஊரை முதலில் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்துக்கு வடக்கே, சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது புள்ளலூர். ஆங்கிலேயர் வாயில் அது பொள்ளிலூர் ஆகிவிட்டது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது; அந்தப் பகைவர் சாளுக்கியர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. ஆக, காஞ்சிக்கு வடக்கிலிருந்து வரும் படையை நிறுத்திப் பார்க்கும் இடமாக அது ஆயிரத்து சொச்சம் வருஷம் இருந்திருக்கிறது. இன்று வயலோரம் இரண்டு உயரமான தூண்கள் நிற்கின்றன. போர்ச் சின்னம் என்று தேடிப் போகிறவர்கள் அவற்றை பெய்லியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவை மறு வருஷம், 1781 ஆகஸ்ட் 27இல், அயர் கூட் அதே பகுதியில் ஹைதரோடு மோதியபோது இறந்த அதிகாரிகளுக்கானவை. தோற்ற சண்டைக்குத் தூண் வைப்பார்களா என்ன?

1780 ஜூலையில் ஹைதர் கர்நாடகத்துக்குள் இறங்கினார். சென்னையில் தளபதி ஹெக்டர் மன்றோ, 1764இல் பக்சாரில் ஜெயித்தவர். குண்டூரிலிருந்து பெய்லி ஒரு படையோடு வர, தான் சென்னையிலிருந்து போக, இருவரும் காஞ்சியில் சேர்வது என்று திட்டம். மன்றோ ஆகஸ்ட் கடைசியில் காஞ்சிக்கு வந்து சேர்ந்துவிட்டார். பெய்லிக்குக் கொசஸ்தலை ஆறு குறுக்கே நின்றது. வெள்ளம் வடியக் காத்திருந்ததில் நாட்கள் போயின. செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தருகே திப்பு வந்து மறித்தார். ஃப்ளெட்சர் தலைமையில் மன்றோ அனுப்பிய துணைப்படை வந்து சேர்ந்த பிறகு பெய்லியிடம் ஏறக்குறைய 3,800 பேர். இரவோடு இரவாக நடந்தவர்கள் நடுவில் நின்றார்கள். ஏன் நின்றார் என்று அவரைத் திட்டாத ஆங்கில நூல் குறைவு. விடிந்ததும் திப்பு ஒரு பக்கம், பிறகு ஹைதரின் முழுப்படையும். சிப்பாய்கள் சதுரமாக நின்று சுட்டார்கள். வண்டிகள் வெடித்தன. அதன் பிறகு சுடுவதற்கு மருந்தும் இல்லை, நிற்பதற்கு ஒழுங்கும் இல்லை. பெய்லி சரணடைந்தார்.

இங்கே ஒரு சாதாரண விஷயம். தமிழில் இந்தத் தூளுக்குப் பெயர் மருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. வியாதிக்குக் கொடுப்பதும் மருந்து, குழலில் போடுவதும் மருந்து. இரண்டுக்கும் அளவு உண்டு என்று யாரோ நினைத்துத்தான் வைத்திருப்பார்கள் போல. துளை அருகே பற்றவைக்கத் தூவும் நுண்தூளுக்கு ரஞ்சகம் என்று தனிப்பெயர். திறந்த தட்டில் கொட்டிப் பற்றவைத்தால் கருமருந்து புஸ்ஸென்று எரிந்து புகையாகும், அவ்வளவுதான். அடைத்துவைத்தால் கதை வேறு. எரியும்போது பிறக்கும் சூடான வாயுவுக்குப் போக இடமில்லை; அழுத்தம் ஏறுகிறது; அழுத்தம் ஏற ஏற தூள் இன்னும் வேகமாக எரிகிறது; அதனால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. துப்பாக்கியில் இந்தச் சுழற்சியை உடைப்பது நகரும் குண்டு. குண்டு முன்னால் போகப் போக வாயுவுக்கு இடம் கிடைக்கிறது. குழல் பிழைப்பது குண்டு விலகிப்போவதால்தான். வண்டிப் பெட்டிக்கு அப்படி விலகிக்கொடுக்க எதுவும் இல்லை.

இதையெல்லாம் ஊகமாக இல்லாமல் எண்ணாக முதலில் சொன்ன மனிதர் செத்தது நம்ம ஊர்ப்பக்கம்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெஞ்சமின் ராபின்ஸ், 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் க்வேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். போரே கூடாது என்கிற மதப்பிரிவில் பிறந்தவர்தான் 1742இல் பீரங்கிக் கலையின் புதிய விதிகள் பற்றி நூல் எழுதினார். தொங்கும் கனமான மரப்பலகையில் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு ஆடியது என்று பார்த்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். அதற்கு முன் யாருக்கும் குண்டின் வேகம் நம்பத்தகுந்தபடி தெரியாது. ஜெர்மன் மொழியில் அதை 1745இல் பெயர்த்து, மூலத்தைவிட நீளமான உரையோடு வெளியிட்டவர் சாட்சாத் ஆய்லர். நெப்போலியன் இளம் அதிகாரியாக இருந்தபோது உட்கார்ந்து குறிப்பெடுத்துப் படித்த புத்தகமும் அதுதான். ராபின்ஸை கிழக்கிந்தியக் கம்பெனி தலைமைப் பொறியாளராக வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1750இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தார். காய்ச்சல் பிடித்தது. 1751 ஜூலை 29இல் அங்கேயே இறந்தார். அவர் பலப்படுத்த வந்த கோட்டையை 1758இல் லாலி பிடித்துத் தகர்த்துவிட்டார். தேவனாம்பட்டினத்தில் இப்போது மிச்சமிருப்பது ஒரு சில சுவர்கள்தான்.

அவருடைய கணக்கு எளிமையானது. எரிந்த மருந்து தன் கன அளவைப்போல் சுமார் 244 மடங்கு வாயுவாகிறது. சூட்டில் அது இன்னும் நான்கு மடங்கு விரிகிறது. ஆகவே அடைபட்ட இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் சுமார் 1000 மடங்கு. புரியும்படி சொன்னால், கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு டன் எடை. அவருக்குப் பிறகு ரம்ஃபோர்டு பிரபு 1790களில் இரும்புக் குழல்களை வெடிக்கவைத்துப் பார்த்து, 50,000 மடங்குக்கும் மேல் என்று ஒரே போடாகப் போட்டார். 1875இல் ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடரிக் ஏபலும் வலுவான எஃகுக் கலத்தில் மருந்தை நிறைத்து எரித்து, ஏறக்குறைய 6,400 என்று கண்டார்கள். அது கலம் முழுக்க நிறைந்து, கொஞ்சம்கூட விலகாதபோது. குண்டு நகர்ந்துகொண்டே இருக்கும் கைத்துப்பாக்கிக் குழலில் பிற்காலக் கருவிகள் காட்டிய எண்கள் ராபின்ஸ் சொன்ன வரிசைக்குத்தான் பக்கம். கருவியே இல்லாமல் அவர் அவ்வளவு கிட்டே வந்திருக்கிறார்.

ஆனால் அந்த நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது இந்தக் கணக்கு இல்லை, ஒரு சோதனை. நல்ல ராணுவத் துப்பாக்கி ஒன்றை எடுத்து, அடியில் மருந்தைப் போட்டு, குண்டை மருந்தின் மேல் உட்காரவிடாமல், குழலின் அடியிலிருந்து 16 அங்குலத்தில் நிறுத்திச் சுட்டார். குண்டுக்குப் பின்னால் இருந்த பகுதி ஊதிய தோல்பைபோல் இரண்டு மடங்கு பருத்து, இரண்டு துண்டுகள் பிய்த்துக்கொண்டு போயின. மருந்தை அவர் கூட்டவில்லை. நடுவில் காலியிடம் மட்டும்தான் விட்டார். பொதுவாக நாம் என்ன நினைப்போம்? இடம் அதிகம் இருந்தால் அழுத்தம் குறையவேண்டும். அப்படி நடக்கவில்லை. எரியும் வாயு அந்த வெற்றிடத்தில் தடையின்றி வேகம் பிடித்து ஓடி, அசையாமல் நிற்கும் குண்டில் போய் முட்டுகிறது. முட்டிய இடத்தில் ஒரு கணம் அழுத்தம் குவிகிறது. குழல் அங்கேதான் கிழிகிறது.

இதைப் படிப்பதற்குச் சில வருஷம் முன்னாலேயே இதே சேதியை எனக்கு ஒருத்தர் சொல்லியிருந்தார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நரிக்குறவர் பெரியவர். பாசிமணி விற்றுக்கொண்டிருந்தார். நாட்டுத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து இருபது வருஷம் ஆகிறது என்றார். குழல் வெடிப்பது எதனால் ஐயா, மருந்து அதிகம் போடுவதாலா என்று கேட்டேன்.

"மருந்து ஜாஸ்தி ஆனா ஒதைக்கும் சாமி. தோள் வீங்கிடும். அது தெரிஞ்சுபோயிடும், அடுத்த தபா கொறச்சுக்குவோம். கொழா கிழியறது அதுனால இல்ல. ரவை அடி வரைக்கும் போயி ஒக்காரணும். நடுவுல நின்னுச்சுன்னா போச்சு. எங்க மாமனுக்கு இந்த ரெண்டு வெரலும் அப்படித்தான் போச்சு."

எப்படித் தெரியும் அடிவரை போயிற்று என்று?

"கம்பியில ஒரு கோடு கீறி வெச்சிருப்போம். மருந்து, துணி, ரவை எல்லாம் இறங்குச்சுன்னா கோடு கொழா வாய்க்கு நேரா நிக்கும். மேல நின்னா சுடக்கூடாது. ஏற்கெனவே போட்டு வெச்சது உள்ள இருக்கும், இல்லேன்னா ரவை எங்கியோ சிக்கியிருக்கும்."

ராபின்ஸ் ஒரு துப்பாக்கியைப் பாழாக்கித் தெரிந்துகொண்டதை இவர்கள் விரல்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர் சொன்னதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. உதை ஒரு எச்சரிக்கை, ஆனால் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை இல்லை. குண்டின் எடையும் வேகமும், மருந்தின் எடையும் கூடினால் உதை கூடும். குழலின் ஒரு புள்ளியில் கணநேரம் குவியும் அழுத்தத்தைத் தோள் உணராது. தோளை நம்பி மருந்தைக் கூட்டிக் குறைக்கிறவன் பாதி ஆபத்தைத்தான் அளக்கிறான். மீதியை அளப்பது கம்பியில் உள்ள அந்தக் கோடு.

படைவீரனுக்கு அந்தக் கோட்டைப் பார்க்க நேரம் ஏது? புள்ளலூரில் கம்பெனிச் சிப்பாயின் கையிலிருந்தது முக்கால் அங்குலக் குழல் கொண்ட பிரவுன் பெஸ் வகைத் துப்பாக்கி. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்து, கொஞ்சம் மருந்தை ரஞ்சகக் கிண்ணத்தில் தட்டி, மீதியைக் குழல் வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கம்பியால் இடித்து இறக்கவேண்டும். ஒரு தோட்டாவில் அந்தக் காலத்தில் சுமார் 6 டிராம், அதாவது 10 கிராமுக்குக் கொஞ்சம் மேல். காகிதத்தில் சுற்றி வைத்ததே பெரிய பாதுகாப்பு: அளப்பதை ஆயுதக் கிடங்கில் நிதானமாக உட்கார்ந்திருப்பவன் செய்கிறான், களத்தில் கை நடுங்குகிறவன் இல்லை. குண்டு குழலைவிடச் சின்னது என்பதால் தானாகச் சரிந்து அடிக்குப் போய்விடும். குறி தவறும், ஆனால் குழல் கிழியாது. இருந்தாலும் சண்டையின் கூச்சலில் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றே தெரியாமல் மேலே மேலே திணிப்பவர்கள் எல்லாப் போரிலும் உண்டு. 1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கியெடுத்த 27,574 துப்பாக்கிகளில் ஏறக்குறைய 24,000 மருந்தோடு இருந்தன, அவற்றில் பாதியில் இரண்டு தோட்டா, ஒன்றில் 23.

துப்பாக்கிக் குழலுக்குள் சுருள்வரி போட்டதும் இந்தக் கணக்கு மாறுகிறது. வரியைக் கவ்விப்பிடித்துச் சுழலவேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருக்கவேண்டும். இறுக்கமான குண்டு மெதுவாக நகரும், வாயு பக்கவாட்டில் கசியாது, அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். 1857ஐ மூட்டிவிட்ட என்ஃபீல்டு தோட்டாவைக் கொழுப்புக்காகவே எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அதில் மருந்து வெறும் இரண்டரை டிராம், நாலரை கிராம்கூட இல்லை. பிரவுன் பெஸ் தோட்டாவில் பாதிக்கும் குறைவு. ஆனால் அதைவிடப் பல மடங்கு தூரம் குறி தப்பாமல் சுட்டது. குண்டின் அடிப்பாகம் வாயுவால் விரிந்து குழலை அடைத்துக்கொண்டதுதான் காரணம். மருந்து அதிகம் என்றால் பலம் அதிகம் என்ற எண்ணத்தை ஒழிக்க இந்த ஒரு உதாரணம் போதும்.

வேட்டைக்காரர்களுக்கு இது போதவில்லை. எதிரே வருவது மனிதன் இல்லை, யானை. 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டலின் கிப்ஸ் பட்டறையில் தன் கணக்குப்படி ஒரு துப்பாக்கி செய்து கொண்டுவந்தார். எடை 21 பவுண்டு, ஒன்பதரை கிலோ. உள்ளே இரண்டே வரி. மருந்து 16 டிராம், 28 கிராம். என்ஃபீல்டுக்காரன் ஆறு தடவை சுடும் மருந்தை இவர் ஒரே தடவையில் போட்டார். தோளும் குழலும் பிழைத்ததற்குக் காரணம் அந்த ஒன்பதரை கிலோ இரும்புதான்; சுற்றுச்சுவர் அவ்வளவு தடிமன். அதைக் காட்டில் சுமந்துகொண்டு நடந்த கூலிக்காரர்களைப் பற்றி அவருடைய புத்தகங்களில் அதிகம் இல்லை. மத்திய இந்தியக் காடுகளில் திரிந்த ஜேம்ஸ் ஃபோர்சித் என்ற ராணுவ அதிகாரி இன்னொரு வழியை 1863இல் புத்தகமாகவே எழுதினார். வரிகள் வேகமாகச் சுற்றினால், அதிக மருந்தின் உந்தலில் உருண்டைக் குண்டு வரியைக் கிழித்துக்கொண்டு சுழலாமலே போய்விடும். ஆகவே 104 அங்குலத்துக்கு ஒரே சுற்று, ஆழமில்லாத வரி. அப்போது அதிக மருந்தைக் குழல் தாங்கும், குண்டும் நேராகப் போகும். ஒரே சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள்; எனக்கென்னவோ ஃபோர்சித்தின் மூளை பேக்கரின் எடையைவிடப் பிடித்திருக்கிறது.

இவர்களுடைய குழல்களுக்கெல்லாம் ஒரு முத்திரை உண்டு. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இலிருந்தும், பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இலிருந்தும், வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, கிழியாத குழலுக்கு முத்திரை குத்தின. கிழிவதானால் பட்டறையில் கிழியட்டும். நம் ஊர்க் கொல்லர்களிடம் திறமை இல்லாமல் இல்லை. இரும்புப் பட்டைகளைச் சுருட்டிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கும் வித்தையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தஞ்சைப் பீரங்கிமேட்டில் பட்டைகளும் வளையங்களுமாக அடித்துச் செய்த ராஜகோபால பீரங்கி சாட்சி. ஆனால் கிராமத்து நாட்டுத் துப்பாக்கிக்குச் சோதனை முத்திரை எங்கே? 1878 ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கேட்டது, 1959 சட்டமும் கேட்டது. உரிமம் இல்லாமல் செய்ததெல்லாம் ஒளிந்து செய்யவேண்டியதாயிற்று. கிடைத்த தண்ணீர்க் குழாயும் குழல் ஆயிற்று, சைக்கிள் பால்ரஸ் குண்டும் ரவை ஆயிற்று. ஈயம் மென்மையானது, குழலுக்குள் நெளிந்துகொடுக்கும். எஃகுப் பால்ரஸ் நெளியாது. நாட்டுத் துப்பாக்கி வெடித்துக் கை போனவர் என்று பேப்பரில் வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவரின் கம்பிக் கோடுதான் ஞாபகம் வருகிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையும் போய், ஒப்படைத்த துப்பாக்கியோடு அந்தக் கோட்டைக் கீறக் கற்றுக்கொடுக்கும் ஆளும் போய்விட்டார். துப்பாக்கி மட்டும் முழுசாகப் போகவில்லை.

மைசூர்ப் பாணத்துக்கு வருகிறேன். பாணம் என்பது கிட்டத்தட்ட, குண்டுக்குப் பதில் குழலே பறக்கும் துப்பாக்கி. ஒரு முனை மூடியது, மறு முனையில் சின்னத் துவாரம். ஐரோப்பாவில் அப்போது பாணத்தின் கூடு காகித அட்டையில் செய்யப்பட்டது. அட்டையில் அழுத்தம் கொஞ்சம் ஏறினாலே கிழிந்துவிடும். ஆகவே மருந்தைத் தளர்வாகத்தான் அடைக்கமுடியும், தூரமும் குறைவு. ஹைதரின் கைவினைஞர்கள் அடித்த இரும்புத் தகட்டில் குழாய் செய்து, நீள மூங்கிலில் அல்லது வாளில் கட்டினார்கள். குழாய் தாங்கும் அழுத்தம் கூடியதால் மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது; இரண்டு கிலோமீட்டர் வரை போனது. 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் குழாய்கள் சேற்றோடு வந்தன, சிலவற்றில் மருந்தும் இருந்தது. காங்கிரீவ் லண்டனில் செய்த பாணங்களுக்கு முன்மாதிரி இவைதான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் பெருமை பேசுகிறவர்கள் ராக்கெட் என்ற சொல்லில் மயங்கி, இரும்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புதுமை மருந்தில் இல்லை, குழாயில்தான்.

அன்று காலை மன்றோ காஞ்சியிலிருந்து கிளம்பி, பீரங்கிச் சத்தத்தை நோக்கிக் கொஞ்ச தூரம் போனார். புகையைப் பார்த்தார். பிறகு சத்தம் நின்றது. விஷயம் தெரிந்ததும் காஞ்சிக்குத் திரும்பி, இழுத்துக்கொண்டு போக முடியாத பெரிய பீரங்கிகளை இந்த ஊர்க் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அந்தச் சண்டையைத் திப்பு தரியா தௌலத் மாளிகையின் சுவரில் வரையவைத்தார்: சதுரமாக நிற்கும் சிவப்புச் சட்டைகள், நடுவே பல்லக்கில் பெய்லி, பக்கத்தில் தீப்பிழம்பாக வெடிக்கும் வண்டி. 1799க்குப் பிறகு அந்த மாளிகையில் குடியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, சிதைந்திருந்த அந்தச் சித்திரத்தைச் சீர்செய்யச் சொன்னார். பின்னால் டல்ஹௌசி இன்னொரு முறை வண்ணம் பூசவைத்தார். தங்கள் மருந்து வண்டி வெடிப்பதை ஆங்கிலேயர்களே இரண்டு தடவை காசு கொடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள்.